கையொப்பம் யாருடையது, வாக்குமூலம் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

வன்னி வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைக் கேட்டிருந்தன: குற்றவியல் வழக்கில் ஒருவரின் இனம் தீர்ப்பை எவ்வளவு தூரம் பாதிக்கிறது? தெரிவுசெய்யப்பட்ட சில கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை): அமெரிக்க அரசியலமைப்பின் 14 ஆம் திருத்தம் 1868 ஆம் ஆண்டிலேயே அனைவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதி செய்துவிட்டது என்று உயர்தர மாணவர்களுக்குக் கற்பித்து வந்தேன். அப்படியாயின், அங்கே கறுப்பினத்தவருக்கு நேர்மையான விசாரணை கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு இன்றுவரை தொடர்வது எப்படி?

பதில்: சட்டத்திலேயே இனப் பெயர் எழுதப்பட்டிருந்த காலத்தில் அநீதியைச் சுட்டிக்காட்டுவது எளிதாக இருந்தது. வெள்ளையர் மாத்திரமே ஜூரர்களாக (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்களாக) இருக்கலாம் என்று மேற்கு வேர்ஜீனியா மாநிலம் வைத்திருந்த சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1880 இல் செல்லுபடியற்றதாக்கியது. அதன் பின்னர் அந்த நாட்டின் தென்மாநிலங்கள் அதை எழுதாமலேயே செய்து வந்தன. 1931 இல் அலபாமா மாநிலத்தின் ஸ்கொட்ஸ்பரோ என்ற சிறு நகரில், சரக்கு ரயிலில் பயணம் செய்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள் இரண்டு வெள்ளையினப் பெண்களை வன்புணர்வுக்கு உட்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். கைதாகி இரண்டு வாரங்களுக்குள் விசாரணை தொடங்கியது. அவர்களுக்கான சட்டத்தரணிகள் விசாரணை நாளன்று காலையில்தான் உண்மையில் முன்வந்தனர். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அப்பெண்களில் ஒருவர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்திலேயே சாட்சியமளித்தார். சட்டத்தரணியின் உதவி பெயரளவில் இருந்தால் போதாது என்று 1932 இலும், கறுப்பினத்தவரை ஜூரர் பட்டியலிலிருந்து தொடர்ச்சியாக விலக்கி வைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1935 இலும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளும் இந்த ஒரே சம்பவத்திலிருந்து எழுந்தவை.

பட்டியலில் பெயர் சேர்ந்ததும் தடை அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. காரணம் கூறாமலே சில ஜூரர்களை நிராகரிக்கும் உரிமை அங்கே இரு தரப்புக்கும் உண்டு. அந்த உரிமையை வழக்குத் தொடுநர் இன அடிப்படையில் பயன்படுத்தக் கூடாது என்று 1986 இல் விதிக்கப்பட்டது. ஆனாலும் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரே வழக்குத் தொடுநர் ஒரே மனிதரை ஆறு தடவைகள் விசாரணைக்கு நிறுத்தி, அந்த ஆறு விசாரணைகளிலும் தான் நிராகரிக்கக் கூடியவர்களாக இருந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நிராகரித்திருந்தார் என்பதை 2019 இல் உயர் நீதிமன்றம் எண்ணிக்காட்டித் தண்டனையை நீக்கியது. இனப் பாகுபாடு என்று ஆட்சேபிக்கப்பட்டபோது நிராகரிப்புகளுக்குக் காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. தனித்தனியே பார்த்தால் அவற்றில் பல ஏற்கத்தக்கவையாகவே தோன்றும்.

புள்ளிவிபரத்தைக் கொண்டு நிரூபிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். ஜோர்ஜியா மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட மெக்கிளெஸ்கி என்ற கறுப்பினத்தவர் அதைத்தான் செய்தார். கொலையுண்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விதிக்கப்படும் சாத்தியம் 4.3 மடங்கு அதிகம் என்று காட்டும் விரிவான ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஆய்வு சரியென்றே வைத்துக்கொண்டாலும், உங்களுடைய வழக்கில், உங்களுக்கு எதிராக, யார் பாகுபாட்டு நோக்குடன் செயற்பட்டார் என்பதைக் காட்ட வேண்டும் என்று கூறி, 1987 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பவல், ஓய்வு பெற்ற பின்னர், தான் மாற்ற விரும்பும் வாக்கு இதுவே என்று தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் கூறினார். மெக்கிளெஸ்கி 1991 இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். மாணவர்களுக்கு 14 ஆம் திருத்தத்தைக் கற்பிக்கும்போது இந்த வழக்கையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி (ஒரு தாய், விசுவமடு): என் மகன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு விளக்கமறியலில் இருக்கிறான். சிங்களத்தில் தட்டச்சு செய்த தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், அதில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாது என்றும் சொல்கிறான். அந்தத் தாளை வைத்தே தண்டித்து விடுவார்களா ஐயா?

பதில்: தண்டிக்க முடியும் என்பதே சட்டத்தின் நிலை, அம்மா; தண்டித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் மகனின் வழக்கு இந்த இடைவெளிக்குள்தான் நடக்கப்போகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இந்த நாட்டின் பொது விதியாகும். மாடு களவெடுத்த வழக்கிலும் கொலை வழக்கிலும் அந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. பிரித்தானியர் தங்கள் பொலிஸாரையே நம்பாமல் எழுதி வைத்த விதி அது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், இந்தப் பாதுகாப்பை அகற்றியது; மூன்று வருடங்களுக்கான தற்காலிக ஏற்பாடாக வந்த அது 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். அது அச்சுறுத்தலின் பேரில் பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) மீதே சுமத்தப்பட்டுள்ளது. பூட்டிய அறைக்குள் நடந்ததை, அந்த அறைக்குள் தனியாக இருந்தவரே, அறையின் சாவியை வைத்திருந்தவர்களுக்கு எதிராக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வேறு சில மாற்றங்களைக் கொண்டுவந்த போதிலும் இந்தப் பிரிவைத் தொடவில்லை.

உங்கள் மகனின் நிலைக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த சிங்கராசா என்பவர் 1993 இல் கைது செய்யப்பட்டார். தமிழ் மட்டுமே தெரிந்த அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் பதியப்பட்டு அவருடைய பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. மொழிபெயர்த்தவரும் பொலிஸ் உத்தியோகத்தரே. அந்த வாக்குமூலத்தின் அடிப்படையில் 1995 இல் அவருக்கு 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 வருடங்களாகக் குறைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, தான் அச்சுறுத்தப்பட்டதை எதிரியே நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நேர்மையான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்று 2004 இல் கண்டறிந்தது. ஆனால் 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம், தனிநபர்கள் அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் நெறிமுறையை 1997 இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதே அரசியலமைப்புக்கு அமைவானதல்ல என்று கூறி, தன் முன்னைய முடிவை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது. சட்டம் படிப்பவர்கள் அந்தத் தீர்ப்பை இறைமை பற்றியதாகப் படிக்கிறார்கள். எனக்கு அது, வாசிக்கத் தெரியாத ஒரு தாளில் வைக்கப்பட்ட பெருவிரல் அடையாளத்தைப் பற்றியது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாக்குமூலம் ஏற்கத்தக்கதா என்பதை முடிவு செய்ய, பிரதான வழக்குக்கு முன்னர் உண்மை விளம்பல் விசாரணை ஒன்று நடைபெறும். உங்கள் மகனின் வழக்கில் அதுவே மிக முக்கியமான கட்டம். வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியும், மொழிபெயர்த்தவரும், தட்டச்சு செய்தவரும் அங்கே குறுக்கு விசாரணைக்கு உள்ளாவார்கள். இத்தகைய தாள்களின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றே: வாசித்துக் காட்டப்பட்டு விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன். அந்த வரி கேட்கப்பட்டதா, எந்த மொழியில், எவ்வளவு நேரத்தில் என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு பக்கங்களை வாசித்து மொழிபெயர்த்து விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போதுமா? உடன்பிறந்தவர்களின் பிறந்த திகதியே சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளை, எட்டு வருடச் சம்பவங்களை நாள், மாதம், ஆண்டு என்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வரிசையாகச் சொன்னதாகத் தாளில் இருந்தால், அந்தச் சீர்மையே சந்தேகத்துக்குரியது. சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டு செல்லப்பட்டாரா, அப்போது பொலிஸார் அருகில் நின்றார்களா, நீதவானிடம் முதல் தடவை ஆஜர்படுத்தப்பட்டபோது எதையாவது சொன்னாரா என்பனவற்றையெல்லாம் மகனிடம் கேட்டு, ஞாபகம் மங்குமுன் சட்டத்தரணிக்கு எழுதிக் கொடுங்கள். கைதாகி 12 மாதங்கள் கடந்தும் வழக்கு விசாரணை ஆரம்பமாகாவிட்டால், 2022 திருத்தத்தின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கோரலாம். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

வீடியோவில் பதிந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுவதையும் பதிந்தால் ஓரளவு தீரும். 1989 இல் நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையிலான கறுப்பின, லத்தீன் இனச் சிறுவர்கள் ஐவர் கைதாகினர். அவர்களில் நால்வரின் ஒப்புதல் வீடியோவில் பதியப்பட்டது. அதற்கு முந்தைய பல மணிநேர விசாரணை பதியப்படவில்லை. மரபணுச் சோதனை அவர்களுடன் பொருந்தவில்லை. ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதுடன் பொருந்தவில்லை. இருந்தும் ஐவரும் தண்டிக்கப்பட்டனர். 2002 இல் உண்மைக் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டு, மரபணுவும் அவருடையதே என்று உறுதியான பின்னரே அந்தத் தண்டனைகள் நீக்கப்பட்டன.

கேள்வி (வாசகர், நெடுங்கேணி): தமிழரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சிங்கள ஜூரர்களைத் தாங்களே தெரிவு செய்ய முடிந்தது எப்படி?

பதில்: நம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் ஏழு பேர் கொண்ட ஜூரர் சபையை அனுமதிக்கிறது. எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரர்கள் எடுக்கப்பட வேண்டும் என்பதைத் தெரிவு செய்பவர் எதிரி. தனக்கு விளங்கும் மொழியில் விசாரிக்கப்படுவது எதிரியின் உரிமை என்பதே இதன் நோக்கம். அந்த நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் இலங்கையில் மொழிப் பட்டியல் ஏறத்தாழ இனப் பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. ஏழில் ஐவர் உடன்பட்டாலே தீர்ப்புச் செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூரர்கள் தங்கள் முடிவுக்குக் காரணம் எழுதுவதில்லை.

பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், சிங்களம் பேசும் ஜூரர் சபை 2016 டிசம்பர் 24 அதிகாலையில் எதிரிகள் அனைவரையும் விடுவித்தது. திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் 20 பேருக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் அங்கேயும் ஜூரர் சபை எதிரிகளான படையினரை விடுவித்தது. விடுவிப்புத் தவறு என்று இரண்டு வழக்குகளிலும் நான் சொல்லவில்லை. சான்றுகளில் குறை இருந்திருக்கலாம். ஆனால் காரணம் எழுதப்படாத ஒரு தீர்ப்பு, கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கு எதை விளக்கும்?

மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் விசாரணையில் நிலைமை வேறாக இருந்தது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2015 இல் ஓர் இராணுவ உத்தியோகத்தருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அவருக்கு ஜனாதிபதி பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. அங்கே பிழை நீதிமன்றத்தினுடையது அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்படுபவருக்கு ஜூரர் சபையே கிடையாது. பெரும்பாலும் தனியொரு நீதிபதியே விசாரிப்பார். ஜூரர் முறை தேவைதானா என்பது வேறு விவாதம். அந்தத் தெரிவு இருப்பவர்களும் இல்லாதவர்களும் யார் என்பதைப் பார்த்தாலே உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் மனத்தாங்கல் விளங்கும்.

கேள்வி (வாசகி, மாங்குளம்): வவுனியா நீதிமன்றத்தில் நடந்த வழக்கை அநுராதபுரத்துக்கு மாற்றுவது சட்டப்படி சரியா? இரண்டும் நீதிமன்றம்தானே என்று சிலர் கேட்கிறார்கள்.

பதில்: மாற்றுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2017 இல் மூன்று தமிழ்க் கைதிகளின் வழக்கு இவ்வாறு மாற்றப்பட்டபோது சாட்சிகளின் பாதுகாப்பு காரணமாகக் கூறப்பட்டது. அவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர்; வடக்கில் கடையடைப்பும் நடந்தது. சாட்சிகளின் பாதுகாப்பு அற்பமான காரணம் அல்ல. ஆனால் இரண்டும் நீதிமன்றம்தானே என்பவர்கள், அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையை வாசிக்க வேண்டும். வவுனியாவில் நீதிமன்ற மொழி தமிழ், அநுராதபுரத்தில் சிங்களம். மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புக் கிடைக்க வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது, கிடைக்கவும் செய்கிறது. எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் விடயம். சாட்சி மூன்று நிமிடம் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வசனம் சொல்வார். பதிவேட்டில் ஏறுவது அந்த ஒரு வசனம். கூண்டில் நிற்பவர் நீதிபதியின் முகத்தையும் தன் சட்டத்தரணியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தே வழக்கு எப்படிப் போகிறது என்று ஊகிப்பார். குடும்பத்தினர் வெளி விறாந்தையில் நின்று, அடுத்த தவணை எப்போது என்பதைச் சிறைக்காவலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இதற்காக விடியுமுன் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ பஸ் ஏறி வந்திருப்பார்கள். வவுனியாவில் வாதாடிய சட்டத்தரணிக்குப் பதிலாகச் சிங்களத்தில் வாதாடக் கூடிய இன்னொருவரை அமர்த்தும் செலவும் அந்தக் குடும்பத்தினுடையதே.

கேள்வி (பல்கலைக்கழக மாணவி, வவுனியா): பொலிஸ் நிலையங்களில் ஏழைச் சிங்களவர்களும் தாக்கப்படுகிறார்கள். இதை இனப்பிரச்சினையாக மட்டும் பார்ப்பது சரியா?

பதில்: சரியல்ல. எண்பதுகளின் இறுதியில் தெற்கின் சிங்கள இளைஞர்கள் மீதும், 2022 இல் மாணவர் தலைவர்கள் மீதும் இதே பயங்கரவாதத் தடைச் சட்டம் பயன்படுத்தப்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் அது பெருமளவில் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. நம் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு உட்பட்ட மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். அவர் எழுதிய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் கூறப்பட்டது. தொகுப்பைத் தமிழில் வாசித்தவர்களுக்கு அது வன்முறையைக் கண்டிப்பது தெரிந்திருந்தது. ஏறத்தாழ ஒன்றரை வருடங்களின் பின் பிணையும், 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன. ஒரு சட்டம் யாரையும் இனப்பெயர் சொல்லிக் குறிவைக்காமல் இருக்கலாம்; அந்தந்தக் காலத்தில் யார் சந்தேகத்துக்குரியவராகக் கருதப்படுகிறாரோ அவரிடம் அது போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டுச் சட்டம் 5 கிராம் கிராக் கொக்கெயினுக்கும் 500 கிராம் தூள் கொக்கெயினுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. கறுப்பினத்தவர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்களே. அந்த நூறு மடங்கு வித்தியாசம் 2010 இல்தான் 18 மடங்காகக் குறைக்கப்பட்டது. உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதாலேயே, பாதிக்கப்பட்ட சிங்களக் குடும்பங்களுடன் பேச வேண்டிய பொறுப்பு நமக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேசியவர்கள் மிகக் குறைவு.

கேள்வி (வாசகர், பூநகரி): குற்றத்தை ஏற்றுக்கொண்டால் குறைந்த தண்டனையுடன் அல்லது புனர்வாழ்வுடன் சீக்கிரம் வெளியே வரலாம் என்கிறார்கள். தம்பி செய்யாததை ஏற்கலாமா?

பதில்: வெளியே இருந்துகொண்டு ஏற்காதே என்று சொல்வது எளிது. பத்து வருடங்கள் தவணைக்குப் போய் வந்தவருக்கு அந்தக் கணக்கு வேறு. விசாரணை நீளும்போது நிரபராதியும் குற்றத்தை ஏற்பது உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றங்களில் குற்றத்தீர்ப்புகளில் 97 வீதம் இவ்வாறான ஒப்புதல்களால் வந்தவை என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமே 2012 இல் குறிப்பிட்டது. ஆனால் குற்றத்தீர்ப்பு ஒருவரின் பெயரில் நிலைக்கும். அரச வேலை, வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றில் அது குறுக்கிடும். பின்னர் மேன்முறையீடு செய்வதும் கடினம். ஆகவே மூன்று விடயங்கள் தெளிவாகாமல் முடிவெடுக்க வேண்டாம்: வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்று ஏதேனும் உண்டா, ஏற்கச் சொல்லும் குற்றச்சாட்டு எது, விளக்கமறியலில் கழிந்த காலம் தண்டனையில் கழிக்கப்படுமா. மூன்றுக்கும் சட்டத்தரணியிடமிருந்து நேரடியான பதிலைப் பெறுங்கள். முடிவைத் தம்பியே எடுக்கட்டும்.

கேள்வி (வாசகி, மல்லாவி): என் அண்ணனைச் சென்ற வாரம் காரணம் சொல்லாமல் கொண்டுபோனார்கள். எங்கே முறையிடுவது?

பதில்: இன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். காரணம் சொல்லாமல் கைது செய்வது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரைக்கு முரணானது. அதற்கு எதிரான அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கைதுசெய்தவர்கள் வந்த திகதி, நேரம், வாகன இலக்கம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பின் பிரதியொன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.